கேளுங்க அண்ணாச்சி: கருத்துக்கேட்பு கூட்டத்துக்கு போவணுமா?

கேள்வி: 2016-ல நம்ம குமரி மாவட்டத்து இனயத்துல துறைமுகம்னு சொன்னதுல இருந்து எங்க கரையில நிம்மதி இல்ல. நாளைக்கு அப்படி ஒண்ணு வந்து மக்கள்கிட்ட கருத்துக்கேட்பு கூட்டம் வச்சா போய் கத்துனா வல்லதும் பிரயோஜனம் உண்டா, இல்ல மொத்தமா புறக்கணிச்சிரலாமா அண்ணாச்சி?
– குளச்சல் வாசகர்

பதில்: கத்துங்க, ஆனா எழுதியும் குடுங்க. புறக்கணிக்கது மட்டும் வேண்டாம் தம்பி, ஏன்னா 2006 இஐஏ அறிவிக்கைப்படி (திட்டத்தால சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்புன்னு ஆராயச் சொல்ற மத்திய அரசு விதி) இந்த கூட்டத்துக்கு இத்தனை பேர் வரணும்னு கணக்கே கிடையாது, நீங்க வெளிய கோஷம் போட்டுட்டு நிக்கும்போது உள்ள பத்து பேரை வச்சு முடிச்சிட்டு கூட்டம் நடந்துச்சுன்னு எழுதிரலாம். இது ஓட்டெடுப்பும் இல்ல, ஊரே வேண்டாம்னாலும் டெல்லியில அனுமதி குடுக்க சட்டத்துல தடை இல்ல (வருஷத்துக்கு 50 லட்சம் டன் சரக்கு கையாளுற துறைமுகம்னா முடிவு மத்திய அமைச்சகம் கையில). ஆனா அங்க சொன்ன ஆட்சேபம் ஒவ்வொண்ணுக்கும் கம்பெனிக்காரங்க கடைசி சுற்றுச்சூழல் ரிப்போர்ட்டுல பதில் எழுதணும். வெறும் "வேண்டாம்"னா ஒரு வரியில தாண்டிருவாங்க. "ஆனி ஆடியில கடல் அடிச்சு எங்க மண்ணு எந்தப் பக்கம் போவுதுன்னு அளந்தியளா"ன்னு கேட்டா முழிக்கணும். பெரும்பாலும் மழைக்காலத்தை விட்டுட்டு ஒரு சீசன், மூணு மாசம் தான் அளப்பாங்க, நம்ம கடலோட கொணமே அந்த விட்டுப்போன மாசத்துல தான் தெரியும். தேங்காப்பட்டணம் மீன்பிடி துறைமுக முகத்துவாரத்துல மண்ணு சேர்ந்து வள்ளம் கவிழ்ந்து எத்தனை உயிர் போச்சு, அதையும் எழுதுங்க.

கூட்டத்துக்கு 30 நாள் முன்னாடியே பேப்பர்ல விளம்பரம் வரணும், அந்த ரிப்போர்ட்டோட வரைவு கலெக்டர் ஆபீஸ்ல பார்க்க கிடைக்கணும். தமிழ்ல சுருக்கம் தான் இருக்கும், முழுசும் இங்கிலீஷ்ல தடியா கெடக்கும், அதுவும் கம்பெனி காசு குடுத்து வச்ச கன்சல்டன்ட் எழுதுனது, அதனால படிச்ச பிள்ளைங்க நாலு பேரை உக்கார வச்சு பக்கம் பக்கமா பாருங்க. கடைசியில நடவடிக்கை குறிப்பை தமிழ்ல வாசிச்சு காட்டணும்னு விதி இருக்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அதுக்கு முன்னாடி கிளம்பிராதீங்க, நீங்க சொன்னது அதுல இல்லன்னா அங்கேயே எழுந்து கேளுங்க.

கேள்வி: நாலுவழிச்சாலைக்கு இந்த கூட்டம் எல்லாம் கிடையாதா?
– தக்கலை வாசகி

பதில்: சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்பட்டா தான் இந்த கூட்டம் வரும். புதுசா போடுற தேசிய நெடுஞ்சாலைக்கு அந்த அனுமதி வேணும். இருக்கிற ரோட்டை அகலப்படுத்தினா 100 கிலோமீட்டருக்கு மேல இருக்கணும், கூடுதல் நிலமும் 40 மீட்டருக்கு மேல (பாதை மாறுற இடத்துல 60) எடுக்கணும், அப்ப தான். கன்னியாகுமரியில இருந்து களியக்காவிளை வரைக்கும் போனாலே 100 தேறாதேம்மா. விழுப்புரம் - நாகப்பட்டினம் ரோட்டை நாலு துண்டா பிரிச்ச கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போச்சு, 2021-ல அனுமதி தேவையில்லன்னு தான் தீர்ப்பு வந்துச்சு. துண்டு போடுறது சரியான்னு பார்க்க நிபுணர் குழு வைக்க சொன்னாங்க.