அக்கா ஏன் வர மறுக்கிறாள்?

கேள்வி: நாங்கள் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் ஐந்து பேர். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும், வருடத்துக்கு ஒரு நாள் குடும்பத்தோடு சேர்ந்து வெளியே போய்வருவோம். எங்களில் மூத்தவள் பெரியப்பா மகள். 46 வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன முறை ஏரிக்கரைக்குப் போனோம். அருமையாகப் பொழுது போனது. மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை எங்கள் குழந்தைகள் ஆறு பேர். அவர்களை அக்காவே பார்த்துக்கொண்டதால் நாங்கள் நாலு பேரும் சாயங்காலம் வரை நிம்மதியாக உட்கார்ந்து பழைய கதை பேசினோம். மாப்பிள்ளைகளும் மருமகள்களும் ஒரு பக்கம் சீட்டு விளையாடினார்கள். அக்காவுக்குக் குழந்தைகள் என்றால் உயிர். இந்த முறை கூப்பிட்டால், "உடம்பு முடியவில்லை, நீங்கள் போய்வாருங்கள்" என்கிறாள். ஆனால் போன வாரம்தான் அலுவலகத் தோழிகளோடு இரண்டு நாள் சுற்றுலா போய் வந்திருக்கிறாள். ரத்த சொந்தத்தைவிடத் தோழிகள் பெரிதாகிவிட்டார்களா? அவள் மனதை எப்படி மாற்றுவது?

பதில்: தோழிகளை விடுங்கள். "அவர்களை அக்காவே பார்த்துக்கொண்டதால்" என்று போகிற போக்கில் ஒன்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்களே, அதைப் பற்றிப் பேசுவோம்.

ஆறு பிள்ளைகள். பக்கத்தில் ஏரி. பார்த்துக்கொள்ள ஒரே ஆள். அங்கே வந்திருந்த மற்ற பெரியவர்கள் எட்டுப் பேர் கதை பேசினார்கள், சீட்டாடினார்கள். இதை "அருமையாகப் பொழுது போனது" என்று எழுத உங்களுக்குக் கை வந்திருக்கிறது.

தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சுக்கே திணறும்போது குரல் எங்கிருந்து வரும்? சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடலாம். அதனால்தான் சின்னப் பிள்ளை தண்ணீர்ப் பக்கம் இருந்தால் பெரியவர் ஒருவர் கை நீட்டினால் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும், போனைக்கூடப் பார்க்கக் கூடாது என்கிறார்கள். சரி, உங்கள் அக்கா மூன்று வயதுப் பிள்ளையைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள் என்றே வைத்துக்கொள்வோம். மற்ற ஐந்தும் எங்கே இருந்தன? அவள் விளையாடிக்கொண்டிருந்ததாக நீங்கள் நினைத்தீர்கள். அவள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்திருப்பாள். அன்று அவள் எப்போது சாப்பிட்டாள்? கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தபோது பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போனாள்? யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு நினைவு வராது, ஏனென்றால் நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டீர்கள்.

குழந்தைகள் என்றால் அவளுக்கு உயிர் என்று யார் சொன்னது? அவள் சொன்னாளா, நீங்கள் நாலு பேரும் முடிவு செய்துகொண்டீர்களா? கல்யாணமாகாத பெண்ணைப் பற்றிக் குடும்பங்கள் இப்படி ஒரு வசதியான முடிவுக்கு வருவதை எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். அவளுக்கென்று பிள்ளை குட்டி இல்லை, அதனால் எங்கள் பிள்ளைகளைப் பார்ப்பது அவளுக்கு ஆசை. ஆசை என்று சொல்லிவிட்டால் நன்றிகூடச் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்! பிரியம் இருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. பிரியம் உள்ளவளிடம் ஒரு மணி நேரம் விட்டால் அவளுக்கும் சந்தோஷம்தான். சாயங்காலம் வரை விட்டால் அது சம்பளமில்லாத வேலை.

பழைய கதை பேசினோம் என்கிறீர்கள். உங்களில் மூத்தவள் அவள். தாத்தா பாட்டியோடு உங்களைவிட அதிக வருடம் இருந்தவள். நீங்கள் தவழ்ந்தது உங்களுக்கு நினைவிருக்காது, அவளுக்கு இருக்கும். எந்தச் சண்டையில் யார் முதலில் கை நீட்டியது, யார் உடைத்ததற்கு யார் அடி வாங்கியது, எல்லாவற்றுக்கும் சாட்சி அவள்தான். அந்தச் சாட்சியைக் கரையில் நிறுத்திவிட்டு நீங்கள் பேசிச் சிரித்திருக்கிறீர்கள். உங்கள் சிரிப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். என்ன கதை என்று தெரிந்திருக்காது.

எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கிறது. சின்ன வயதிலும் இதே ஏற்பாடுதானே? பெரியவர்கள் வெளியே போகும்போது "தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கோ" என்று அவளிடம்தானே ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பார்கள்? ஒரே வீட்டில் ஐந்து பிள்ளைகள் வளர்ந்தால் மூத்த பெண்ணுக்கு வேறென்ன கிடைக்கும்? அன்றைக்கு உங்களைப் பார்த்துக்கொண்டாள், இன்றைக்கு நீங்கள் பெற்றதுகளை.

ரத்த சொந்தக் கணக்குக்கு வருகிறேன். பெரியப்பா மகளுக்கும் உங்களுக்கும் பொதுவாக இருக்கும் மரபணு சராசரியாக 12.5 சதவீதம். கூடப்பிறந்தவர்களுக்குள் அது 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ரத்தம் செய்தது அவ்வளவுதான். அவளை நீங்கள் சொந்த அக்காவாக நினைக்கிறீர்கள் என்றால், அது அவள் உங்களை இடுப்பில் தூக்கித் திரிந்த வருடங்களால் வந்தது. அவள் தன் பங்கை எப்போதோ கொடுத்துவிட்டாள். உங்கள் பங்கு என்ன என்று கடிதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

தோழிகளோடு போன இடத்தில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாள். இதற்கு மேல் அதில் ஆராய ஒன்றும் இல்லை.

உடம்பு முடியவில்லை என்று அவள் பொய் சொல்லியிருக்க வேண்டாம்தான். "இந்த முறை என்னால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாது" என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், "பிள்ளைகளைப் பாரமாக நினைக்கிறாளே" என்று நீங்கள் நாலு பேரும் பேசியிருப்பீர்கள். அது அவளுக்குத் தெரியும்.

சொந்தபந்தம் ஒத்துவரவில்லையா, விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. பெரியவர்கள் இருக்கும்வரை அவர்களைப் பார்க்கிற சாக்கில் பிள்ளைகள் கூடுவார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு யாராவது மெனக்கெட்டால்தான் உண்டு. வருடத்துக்கு ஒரு நாள் என்று நீங்கள் வைத்திருப்பது நல்ல பழக்கம், அதை விடவே கூடாது. மூத்தவளுக்கு மரியாதை செய்ய வேண்டியது இளையவர்களின் கடமை என்பதிலும் நான் பழைய காலத்து ஆள்தான். அவளை ஓர் இடத்தில் உட்காரக்கூட விடாமல் என்ன மரியாதை?

மனதை மாற்றுவது எப்படி என்று கேட்டீர்கள். முதலில் உங்கள் மனதை மாற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள். தனியாக, குழந்தைகள் இல்லாமல். "நீ வராவிட்டால் பிள்ளைகள் ஏங்கிப்போவார்கள்" என்று தப்பித் தவறியும் சொல்லிவிடாதீர்கள், மறுபடியும் வேலைக்குக் கூப்பிட வந்திருப்பதாகத்தான் அவளுக்குப் படும். போன முறை செய்தது தவறு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அழுது, அவளே உங்களைச் சமாதானப்படுத்தும்படி ஆக்க வேண்டாம். அப்புறம் எங்கே போகலாம், எந்தத் தேதி என்று அவளிடமே கேளுங்கள்.

போகிற இடத்தில் பெற்றவர்கள் இரண்டிரண்டு பேராக ஒரு மணி நேரம் முறை போட்டுக்கொள்ளுங்கள். சீட்டுக்கட்டை வைத்துவிட்டு மாப்பிள்ளைகளும் எழுந்து வரட்டும். முறை மாறும்போது "இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். எல்லோரும் இருக்கிறார்களே என்று நினைக்கிற இடத்தில்தான் ஒருவருமே பார்ப்பதில்லை. அந்த முறையில் அக்காவின் பெயர் வேண்டாம். அவளாக எழுந்து பிள்ளைகளிடம் போனால் போகட்டும், கூடவே இன்னொருவரும் போங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வரமாட்டேன் என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். பெரியப்பாவிடம் சொல்லி அவளை நெருக்க வேண்டாம். அடுத்த வருடம் தேதி குறிக்கும் முன்பு முதல் போன் அவளுக்குப் போகட்டும்.