பழனிக்கு நடந்த கால்களும் எவரெஸ்ட் அடிவாரமும்

கேள்வி: எனக்கு வயது 53. தேவகோட்டையில் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாகத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறேன்; ஒரு தடவைகூடப் பாதியில் வண்டி ஏறியதில்லை. வரும் சித்திரையில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை போக ஆசை. நடை தொடங்கும் லுக்லா விமான நிலையத்தில் இறங்கி ஆறாம் நாள் முகாமைத் தொட்டுவிடலாம் என்று ஒரு ஏற்பாட்டாளர் திட்டம் கொடுத்திருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், கட்டுக்குள் இருக்கிறது. நடைப் பழக்கம் இருப்பதால் ஆறு நாள் போதும்தானே? ஆச்சிதான் பயப்படுகிறார்.
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: போதாது. ஆச்சியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயணத்தைக் கைவிட வேண்டாம், நாளைக் கூட்டுங்கள்.

பழனிப் பாதையில் உங்களைக் கொண்டு சேர்ப்பது காலும் வைராக்கியமும். இமயத்தில் அவை இரண்டாம்பட்சம். தேவகோட்டை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லாத ஊர். அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். உடம்பு இதற்கு ஈடுகொடுக்க முதலில் வேகமாக மூச்சு வாங்கும். அதனால் ரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தைச் சிறுநீரகம் சரிசெய்யச் சில நாட்கள் பிடிக்கும். எத்தனை வருடம் நடந்தவரானாலும் இந்த நாட்களைக் குறைக்க முடியாது. சொல்லப்போனால், நன்றாக நடப்பவர்களே வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

3,000 மீட்டருக்கு மேல், இன்று இரவு படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிடச் சுமார் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இன்னொரு இரவு தங்க வேண்டும். இதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உங்கள் ஏற்பாட்டாளரின் ஆறு நாளில் ஒரு தங்கல்கூட இருக்க வழியில்லை. லுக்லா 2,860 மீட்டர். முதல் நாள் ஃபாக்திங்குக்கு இறங்கி (2,610) மறுநாள் நாம்சே பஜார் (3,440) ஏறும்போதே ஒரே நாளில் 830 மீட்டர் கூடிவிடுகிறது. அதனால் நாம்சேயில் இரண்டு இரவு கட்டாயம். இடைப்பட்ட நாளில் படுத்துக் கிடக்காமல் 3,880 மீட்டர் வரை ஏறிப் பார்த்துவிட்டு, தூங்கக் கீழே வந்துவிடுங்கள். பிறகு தெங்போச்சே (3,860), திங்போச்சே (4,410). திங்போச்சேயிலும் இரண்டு இரவு. அடுத்து லோபுச்சே (4,940); உங்கள் வயதுக்கு இங்கேயும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம். அதன்பின் கோரக் ஷெப், அடிவார முகாம். ஆக ஏறுவதற்கு ஒன்பது நாள், இறங்க மூன்று நாள். முகாமிலிருந்து எவரெஸ்ட் சிகரம் தெரியாது, பக்கத்து மலையான நுப்ட்சே மறைத்துவிடும். பலருக்கு இது ஏமாற்றம். சிகரத்தைப் பார்க்க மறுநாள் விடியற்காலையில் காலா பத்தர் என்ற குன்றில் ஏற வேண்டும். அதற்கும் தெம்பு மிச்சம் வையுங்கள்.

உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. பாதயாத்திரையில் காலில் கொப்புளம் வந்தாலும் சொல்லாமல் நடப்பதுதான் பழக்கம், அது வேண்டுதல். மலையில் அந்தப் பழக்கம் ஆளையே கொண்டுபோய்விடும். தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசாதாரணக் களைப்பு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கைடிடம் உடனே சொல்லுங்கள். அன்று ஏறக் கூடாது. தங்கியும் கூடினால் இறங்க வேண்டும். தினமும் மாலையில் ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரு காலின் விரல் நுனியில் மறு காலின் குதிகாலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்க வேண்டும். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். இரண்டில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியிலேயே துணையோடு இறங்குங்கள். திங்போச்சேக்குப் பக்கத்திலுள்ள பெரிச்சேயில் நடைப்பயணக் காலங்களில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இயங்குகிறது. அந்த இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழகுவதை வேகப்படுத்தும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. விரல்கள் மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து எடுக்கலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவியும் ஸ்ட்ரிப்பும் குளிரில் தப்பாகக் காட்டும். உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம்.

பயிற்சிக்குத் தைப்பூச நடையே நல்ல அடித்தளம். ஆனால் அது சமதளம். மாசி, பங்குனியில் வாரம் மூன்று நாள், முதுகில் ஆறேழு கிலோ அரிசிப் பையோடு குன்றக்குடிப் படி ஏறி இறங்குங்கள். மாதம் இரண்டு முறை பிரான்மலை. இறக்கத்தை வேகமாக ஓடிக் கடக்காதீர்கள், முழங்கால் பழகுவது அங்கேதான். வெறுங்காலில் நடந்து பழகிய பாதம் அகன்றிருக்கும். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு பூட்ஸ் போட்டுப் பார்த்து வாங்குங்கள். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்து உதிரும். புது பூட்ஸோடு விமானம் ஏறாதீர்கள், நூறு கிலோமீட்டராவது இங்கேயே நடந்திருக்க வேண்டும். பருத்தி பனியனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்: வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றதும் குளிர் ஏறும். இறகு ஜாக்கெட்டும் உறக்கப் பையும் காட்மாண்டுவின் தமேல் கடைவீதியில் வாடகைக்குக் கிடைக்கும்.

இந்தியர்களுக்கு நேபாளத்துக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். உங்கள் வயதில் ஆதார் செல்லாது. இன்ஷியல் விரித்து எழுதிய பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். காப்பீட்டில் நடைப்பயண உயர வரம்பு 6,000 மீட்டர் என்றும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டென்றும் எழுத்தில் இருக்க வேண்டும். லுக்லா விமானம் மேகம் வந்தால் நின்றுவிடும். கூட்டமான மாதங்களில் காட்மாண்டுவிலிருந்து நாலைந்து மணி நேரம் தள்ளியுள்ள ராமேச்சாப்பிலிருந்துதான் பெரும்பாலும் பறக்கும். அதனால் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன் இரண்டு நாள் காலியாக விடுங்கள்.

சாப்பாடு: நாம்சேக்கு மேல் கறி தொடாதீர்கள். அந்தப் பகுதியில் உயிர்க்கொலை செய்வதில்லை. கறி கீழேயிருந்து நாள் கணக்கில் சுமந்து வருகிறது. பருப்பும் சோறும் தாராளமாகக் கிடைக்கும். உயரத்தில் பசி செத்துவிடும், அப்போது நம் ருசி இருந்தால்தான் நாலு வாய் இறங்கும். பருப்புப் பொடி அரைக் கிலோ, ஊறுகாய் ஒரு சிறு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். லுக்லா விமானத்தில் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான். ஆச்சி அதற்கு மேல் கட்டித் தந்தால் காட்மாண்டு விடுதியிலேயே வைத்துவிட்டு ஏறுங்கள்.