அடிகுழாய்த் தண்ணீரும் சொரசொரத்த உள்ளங்கையும்

கேள்வி: சிங்கப்பூர் துவாஸில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும் பங்ளாதேஷ் ஊழியருக்கு வயது 34, ஊர் சாந்த்பூர் பக்கம். இரண்டு உள்ளங்கையிலும் பாதத்திலும் சின்னச் சின்ன முண்டுகள். மார்பிலும் முதுகிலும் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். சிமெண்ட் ஒவ்வாமை என்று களிம்பு போட்டும் குறையவில்லை. ஊரில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இதே மாதிரி இருக்கிறதாம். ‘தண்ணீரில் ஆர்சனிக்’ என்கிறார். இங்கு வந்து 6 ஆண்டுகள் ஆகிவிட்டன. தங்குவிடுதியில் உடன் இருப்பவர்கள் தொற்றிக்கொள்ளுமோ என்று ஒதுங்குகிறார்கள். இங்குள்ள தண்ணீரிலும் இது இருக்குமா? கொதிக்க வைத்தால் போய்விடுமா?

பதில்: தொற்றாது. இதை அறையில் இருக்கும் எல்லாரிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமத்தின் பாதிப்புக்கு நன்றாகவே பொருந்துகிறது. சிமெண்ட் ஒவ்வாமை அரிக்கும். பெரும்பாலும் புறங்கையிலும் விரல் இடுக்கிலும் வரும். ஆர்சனிக் முண்டு பொதுவாக அரிக்காது, வலிக்காது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கைக்கே நன்றாகத் தெரியும்: கட்டைவிரலால் உள்ளங்கையைத் தடவினால் தோலுக்கடியில் கேழ்வரகு பரப்பியது போல நெருடும். மார்பில் உள்ள புள்ளிகளோ புழுதியில் தூறல் விழுந்தது போல இருக்கும். வெயில் படாத இடத்திலும் அப்படி இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

யாரும் கலந்த நஞ்சு அல்ல இது. கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும் ஆர்சனிக், பிராணவாயு இல்லாத நிலத்தடி அடுக்கில் கரைந்து தண்ணீரில் இறங்குகிறது. குளத்துத் தண்ணீரால் வந்த வயிற்றுப்போக்கைத் தடுக்க 1970களில் அங்கே ஏராளமான அடிகுழாய்கள் போடப்பட்டன. ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேற்கு வங்கத்தில் இந்தத் தோல் பாதிப்பை 1983இல் இனங்கண்டவர் கொல்கத்தா தோல் மருத்துவர் க்ஷிதீஷ் சந்திர சாஹா. பங்ளாதேஷில் 1993இல்தான் அடிகுழாய் நீரில் ஆர்சனிக்கைக் கண்டுபிடித்தார்கள்.

சிங்கப்பூர்க் குடிநீருக்கு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுவே. இங்கே தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு, சோதிக்கப்பட்டுத்தான் வீட்டுக்கு வருகிறது. பயமின்றிக் குடிக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. 10 லிட்டர் சுண்டி 9 ஆனால் அதே ஆர்சனிக் 9 லிட்டரில் இருக்கும், அவ்வளவுதான். கரி வடிகட்டி உள்ள ஜக்கையும் இதற்கு நம்ப வேண்டாம்.

இவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். ‘ஊர்த் தண்ணீரில் ஆர்சனிக்’ என்ற ஒரு வரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவது நல்லது. கேட்காவிட்டால் அவர் சொல்லாமல் விட்டுவிடக்கூடும். சிறுநீர்ச் சோதனையில் இப்போது ஆர்சனிக் அளவு அநேகமாக இயல்பாகவே இருக்கும். உடலில் சேரும் ஆர்சனிக் சில நாள், சில வாரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடும். ஆனால் அது செய்த சேதம் அப்படியே இருக்கும். மாறாக, முதல் நாள் மீன் தலைக் கறியோ இறாலோ சாப்பிட்டிருந்தால், கடலுணவில் உள்ள தீங்கற்ற ஆர்சனிக்கால் அளவு எகிறித் தெரியும். சோதனைக்கு முன் 4, 5 நாள் கடலுணவு வேண்டாம்.

முண்டுகளுக்கு யூரியா அல்லது சாலிசிலிக் அமிலக் களிம்பு தருவார்கள். தோல் மிருதுவாகும், முழுதாக மறையாமலும் போகலாம். ஏதாவது ஒன்று பெரிதானால், புண்ணானால், ரத்தம் கசிந்தால் தள்ளிப்போடாமல் சதைப் பரிசோதனை செய்ய வேண்டும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் தண்ணீரை மாற்றிப் பல ஆண்டு கழித்தும் வரக்கூடும். சிறுநீரில் ரத்தம், விடாத இருமல், பாதத்தில் மதமதப்பு இருந்தால் உடனே காட்ட வேண்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளட்டும். புகைப்பவரானால் இன்றே நிறுத்தட்டும். ஆர்சனிக்கும் புகையும் சேர்ந்தால் நுரையீரலுக்கு ஆபத்து பன்மடங்கு.

‘நஞ்சை முறிக்கும்’ மருந்து என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். நாள்பட்ட பாதிப்புக்கு அப்படி நிரூபணமான மருந்து இல்லை. வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை என்ற நாட்டு மருந்துச் சரக்குகள் சேர்ந்த பொடிகளிலேயே ஆர்சனிக்தான் இருக்கிறது. 1970களில் சிங்கப்பூரிலேயே, ஆஸ்துமாவுக்கு மூலிகை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இதே நஞ்சேறியது.

எனக்கு அதிகக் கவலை, இன்றும் அதே அடிகுழாய்த் தண்ணீரைக் குடிக்கும் அம்மாவையும் அண்ணனையும் பற்றித்தான். பங்ளாதேஷில் சோதித்த குழாய்களுக்குச் சிவப்பு, பச்சை வண்ணம் பூசினார்கள். பச்சை என்றால் அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குள் என்று பொருள், 10க்குள் என்றல்ல. பூச்சும் பழையது. மறுபடி சோதிப்பதே சரி. சில நிமிடம் அடித்து ஊற்றிவிட்டு, குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரைக் கொடுக்க வேண்டும். இரவு குடத்தில் வைத்த தண்ணீரில் இரும்புத் துரு அடியில் படியும்போது ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு படிவதால் அளவு குறைவாகக் காட்டும்.

மாற்றுத் தண்ணீர் குடிக்க மட்டும் போதாது, சமைக்கவும் வேண்டும். பருப்பும் சோறும் வேகும் தண்ணீரை அப்படியே உறிஞ்சுகின்றன. நல்ல தண்ணீர் கிடைத்தால், அரிசிக்கு 6 பங்கு ஊற்றி வேகவைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டிவிடச் சொல்லுங்கள். அரிசியில் உள்ள ஆர்சனிக்கிலும் ஒரு பகுதி அதோடு போகும். குளிக்க, துணி துவைக்கப் பழைய குழாயே போதும், தோல் வழியாக இது பெரிதாக ஏறாது. 150 மீட்டருக்குக் கீழே இறக்கிய குழாய்க் கிணறு அருகில் இருந்தால், பெரும்பாலும் அதில் அளவு குறைவு. அதையும் ஒருமுறை சோதித்த பிறகே குடிக்கட்டும்.