இது நின்னா யாரு பாக்கறது?

வணக்கம் ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு சின்னப் பட்டறையில் ஐந்து வருடமாக சிஎன்சி மில்லிங் ஓட்டுகிறேன். வண்டிப் பாகங்கள்தான் அதிகம். இரண்டு வருடமாக பெங்களூரிலிருந்து விமான வேலையும் வருகிறது, அலுமினிய பிராக்கெட். போன லாட்டில் ஐம்பதில் ஆறு பீஸ் அளவு தப்பிவிட்டது. நானே எடுத்துச் சிவப்பு டப்பாவில் போட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நம் தேஜஸ் போர் விமானம் வெளிநாட்டுக்குப் போனால் ஆர்டர் பெருகும், இன்னொரு மெஷின் போடலாம் என்கிறார் முதலாளி. அர்ஜென்டினா, எகிப்து, பிலிப்பைன்ஸ் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. ஆனால் துபாயில் விழுந்ததோடு மார்க்கெட் போச்சு, இனி எவன் வாங்குவான் என்று பட்டறையில் சிரிக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. முதலில் எந்த நாடு வாங்கும்? இதை நம்பி இருக்கலாமா, ஸ்கூட்டர் கம்பெனிக்குப் போய்விடலாமா? பெயர் போட வேண்டாம் ஐயா.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று பாலக்கோட்டில் எங்கள் கிணற்றடி மோட்டார் கொட்டாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கையில் கிரீஸ் இருந்தது. சிவப்பு டப்பா என்ற சொல்லைப் படித்ததும் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து இறந்தவர் பெயர் நமன்ஷ் சியால். விங் கமாண்டர். நம் சூலூர் விமானப்படைத் தளத்தைச் சேர்ந்தவர். அதைப் பற்றி உங்களுக்கு எழுதக் கிடைத்த சொல் ‘மார்க்கெட்’தானா? பட்டறையில் நாலு பேர் சிரித்தால் நீங்களும் சேர்ந்து தலையாட்டுவீர்களா? ஆறு பீஸ் தப்பியதற்குச் சோறு இறங்காத பிள்ளை நீங்கள். ஒரு மனிதன் போனதற்கு அந்த மனம் எங்கே போயிற்று? இனிமேல் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள். பெயரைச் சொன்ன பிறகு சிரிக்க வாய் வராது.

மார்க்கெட் கணக்காகப் பார்த்தாலும் அந்தப் பேச்சு தப்பு. 1993-ல் சுவீடனின் கிரிப்பன் போர் விமானம் தன் சொந்தத் தலைநகரிலேயே, கீழே விழாக்கூட்டம் நிற்க, விழுந்தது. அதற்குப் பிறகுதான் அதை வெளிநாடுகள் வாங்கின. 1999-ல் பாரிஸ் கண்காட்சியில் ரஷ்யாவின் சுகோய் 30 போர் விமானம் விழுந்தது. மறு வருடமே அதே குடும்பத்து விமானம் 140-ஐ இங்கே கட்டிக்கொள்ள ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டது யார்? நாம்தான்.

பட்டியலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, அழித்துவிடுங்கள். ‘ஆர்வம் தெரிவித்தார்கள்’ என்பது சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்ப்பது போல. அர்ஜென்டினா 2024-ல் டென்மார்க் ஓட்டிய எப்-16 விமானங்கள் 24-ஐ எடுத்துக்கொண்டது. மலேசியா 2023-ல் கொரியாவின் எப்ஏ-50 விமானத்தில் 18 வாங்கியது, தேஜஸும் அந்தப் போட்டியில் இருந்தது. அவ்வளவுதான்.

நான் சொல்ல நினைப்பது வேறு. 1986 கோடையில் அப்பா சேலத்தில் ஒரு ஏஜென்டிடம் புது ஆயில் இன்ஜின் வாங்கினார். பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருக்கும். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்துத்தான் கொட்டாயில் இறக்கினோம். ஊரே வந்து பார்த்தது. பக்கத்துக் காட்டுக்காரர் வைத்திருந்ததைவிட விலை குறைவு, டீசலும் குறைவாகக் குடிக்கும். இரண்டாம் மாதம் டீசல் தெளிக்கும் நாசில் போயிற்று. அப்பா மூன்று தடவை சேலத்துக்கு பஸ் ஏறினார். மூன்று தடவையும் ‘அடுத்த வாரம்’. காயும் பூவுமாக நின்ற ஒன்றரை ஏக்கர் தக்காளி எங்கள் கண் முன்னாலேயே சுருண்டது. பக்கத்துக் காட்டில் பத்து வருடப் பழைய இன்ஜின் டப்டப்பென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ரிங், கேஸ்கெட், நாசில் எல்லாம் பாலக்கோடு கடைத்தெருவில் தொங்கும். கடையில் கிடைக்காததை ஆசாரி லேத்தில் பிடித்துக் கடைந்து தருவார். அதற்குப் பிறகு அப்பா எதை வாங்கப் போனாலும், ஆட்டாங்கல்லே ஆனாலும், கேட்ட முதல் கேள்வி இதுதான்: “இது நின்னா யாரு பாக்கறது?”

போர் விமானம் வாங்கும் நாடும் இதைத்தான் கேட்கிறது. முப்பது நாற்பது வருடம் வைத்து ஓட்ட வேண்டிய பொருள். வேகம், ரேடார், ஏவுகணை எல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் தொழில் என்பதால் ஒரு கதை சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ஜெனரல் எலக்ட்ரிக் செய்த எப்404 என்று ஒரு ஜெட் இன்ஜின். 1980-களில் அமெரிக்காவில் நார்த்ராப் கம்பெனி இந்த ஒரே இன்ஜினை வைத்து எப்-20 என்று ஒரு விமானம் செய்தது. ஏற்றுமதிக்கென்றே செய்தது, நூறு கோடி டாலருக்கு மேல் தன் கைக்காசைப் போட்டது. ஓட்டிப் பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஒன்றுகூட விற்கவில்லை. 1984-ல் கொரியாவிலும் 1985-ல் கனடாவிலும் இரண்டு விழுந்து இரண்டு விமானிகள் இறந்தார்கள். ஆனால் கடை மூடியதற்கு அது மட்டும் காரணமில்லை. அமெரிக்க விமானப்படையே அதை வாங்கவில்லை. சொந்த வீட்டில் ஓடாத விமானத்துக்கு நாளைக்கு ஸ்பேர் யார் செய்வார்கள்? 1986-ல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

அதே இன்ஜினைச் சுவீடன் தன் நாட்டில் மாற்றிக் கட்டி கிரிப்பனில் வைத்தது. சுவீடன் விமானப்படை முதலில் இருநூறுக்கு மேல் வாங்கிக்கொண்டது. நெடுஞ்சாலையில் இறங்கிய விமானத்துக்கு ஒரு டெக்னீஷியனும் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த ஐந்து பையன்களும் சேர்ந்து பத்து நிமிடத்தில் எண்ணெய் ஊற்றி, ஏவுகணை மாட்டி, மேலே அனுப்பிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வரைந்த விமானம் அது. ஹங்கேரியும் செக் நாடும் தலைக்கு 14 குத்தகைக்கு எடுத்தன. தாய்லாந்தும் தென்னாப்பிரிக்காவும் வாங்கின. மலேசியா வாங்கியதாகச் சொன்னேனே, அந்த எப்ஏ-50, அதற்குள்ளும் எப்404-தான். போலந்து 2022-ல் 48 கேட்டது, 2023 முடிவதற்குள் முதல் 12 போய் இறங்கிவிட்டன. நம் தேஜஸுக்குள் இருப்பதும் எப்404. நாலுக்கும் ஒரே நெஞ்சு, தம்பி. தலையெழுத்து மட்டும் ஏன் இத்தனை விதம்?

நம் தகடூரில் பிறந்த பிள்ளைக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனாள். தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் வீட்டில் இருந்தன. அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்றாள் அவள். புகழ்வது போல இகழ்ந்தாள் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அந்தக் கொட்டில்தான் கண்ணில் நிற்கிறது. அங்கே கரி இருந்தது, துருத்தி இருந்தது, கொல்லன் இருந்தான். முறிந்த வேல் மறுபடி களத்துக்குப் போயிற்று. நெய் பூசிய வேலை வைத்துக்கொண்டு யாரும் நாற்பது வருடம் சண்டை போட முடியாது.

நம் கொட்டில் எப்படி இருக்கிறது? மனசு வலிக்கத்தான் சொல்கிறேன். ஈக்வடார் நம்மிடம் துருவ் ஹெலிகாப்டர் 7 வாங்கியது. 4 விழுந்தன. 2015-ல் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டார்கள். உதிரி பாகம் ஒழுங்காக வரவில்லை என்பதும் அவர்கள் சொன்ன குறை. இதைப் படித்த அன்று எனக்கு அப்பா சேலம் பஸ்ஸிலிருந்து வெறுங்கையோடு இறங்கிய முகம்தான் வந்தது. தேஜஸ் முதலில் பறந்தது 2001-ல். முதல் படையணி 2016-ல், இரண்டே இரண்டு விமானத்தோடு. 2021-ல் 83, 2025-ல் இன்னொரு 97 என்று நம் விமானப்படை கேட்டிருக்கிறது. அந்த 83-ல் முதலாவதை 2024 மார்ச்சில் கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும், தள்ளிப்போயிற்று. 2021-ல் கேட்ட 99 இன்ஜின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது. சொந்தப் படையே காத்து நிற்கும்போது வெளியூர்க்காரன் முன்பணம் கட்டுவானா?

இன்ஜின் இரவல் என்றால் விற்பதற்கும் இன்னொருவர் தலையாட்ட வேண்டும். 1978-ல் சுவீடன் விக்கன் விமானத்தை நமக்கு விற்க வந்தது. அதன் இன்ஜின் அமெரிக்க வழி வந்தது, அமெரிக்கா கூடாது என்றது, முடிந்தது பேச்சு. தேஜஸில் விமானி உட்காரும் வெளியேற்று இருக்கை பிரிட்டனுடையது. அர்ஜென்டினாவுக்குப் போகும் விமானத்தில் தன் பாகம் இருந்தால், பழைய போர்ப் பகையால் பிரிட்டன் சம்மதிக்காது. கொரியாவின் எப்ஏ-50-க்கு அது ஏற்கெனவே நடந்தது. காவேரி என்று நம் ஆற்றின் பெயரையே வைத்து ஓர் இன்ஜினுக்குப் பல வருடம் உழைத்தோம். 2008-ல் அதைத் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். ஒகேனக்கல்லில் நின்று தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். இங்கே போட வேண்டிய காசையும் பொறுமையையும் போடாமல் கண்காட்சிகளில் குட்டிக்கரணம் அடித்துக் காட்டி என்ன பயன் என்று யாராவது கேட்டால், நான் அவர் பக்கம்தான்.

ஆனால் கொட்டில் உருவாகவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தேஜஸின் இறக்கையைக் கோயம்புத்தூரில் எல் அண்ட் டி செய்கிறது. ராணுவத் தொழில் வழித்தடத்தில் நம் ஓசூரும் ஒரு முனை. உங்கள் முதலாளி எதிர்பார்க்கும் வெளிநாட்டு ஆர்டர் நாளைக்கே வராது. நம் விமானப்படை கேட்ட அந்த 180 தேஜஸும் சொன்ன தேதிக்குச் சூலூருக்கும் மற்றத் தளங்களுக்கும் போகட்டும், நாசில் போனால் மறுநாள் நாசில் கிடைக்கட்டும். பிறகு கேட்டு வருவார்கள்.

வேலை மாறுவது பற்றிக் கேட்டீர்கள். வீட்டில் காசு முடையென்றால் போங்கள், தப்பே இல்லை. தேசத்துக்காகக் குறைந்த சம்பளத்தில் இரு என்று சொல்ல எனக்கு வாயில்லை. முடையில்லை என்றால் இருங்கள். அந்த ஆறு பீஸையும் யாரும் சொல்லாமல் நீங்களாகவே சிவப்பு டப்பாவில் போட்டீர்கள். அப்படிப்பட்ட கை அங்கே வேண்டும்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பாலக்கோடு வந்துவிட்டுப் போங்கள். அந்தப் பச்சை இன்ஜினை அப்பா எடைக்குப் போட்டுவிட்டு, பக்கத்துக் காட்டில் ஓடியதைப் போலவே ஒரு பழைய இன்ஜின் வாங்கிப் போட்டார். நான் அன்று கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். கரண்ட் போனால் இன்றைக்கும் அதுதான் தண்ணீர் இறைக்கிறது.