டிஎன்ஏ வந்துவிட்ட பிறகும் கொம்பையும் எலும்பையும் பார்த்து விலங்குகளின் உறவைக் கணிப்பது வீண்தானே?

நீங்கள் விலங்கியல் மாணவர் என்று நினைக்கிறேன். ஒரு மண்டையோட்டை முன்னால் வைத்து நாலு பக்கமும் வரையச் சொல்லி யாரோ உங்களை வாட்டியிருக்கிறார்கள். 31 ஆண்டுகள் மாணவர்களை அப்படி வாட்டியவன் நான். நடுநிலையான பதில் வேண்டுமென்றால் அடுத்தவருடையதைப் படியுங்கள்.

2006இல் ஓர் அகமதிப்பீட்டுத் தேர்வு. 'தார்' எனப்படும் மலையாடுகள் மூன்றையும் ஒரே பேரினத்தில் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பில்) சேர்க்கக் காரணம் எழுதுக, 5 மதிப்பெண். நான் எதிர்பார்த்த விடை எளிது. இமயமலையில் ஒன்று, ஓமன் பக்கத்து மலைகளில் ஒன்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வரையாடு ஒன்று, மூன்றுக்கும் பின்னோக்கி வளைந்த குட்டைக் கொம்பு, ஆகவே மூன்றும் ஹெமிட்ராகஸ் என்ற ஒரே பேரினம். ஒரு மாணவி மட்டும், 'இவை ஒரே பேரினம் அல்ல, வரையாடு செம்மறிக்குத்தான் நெருக்கம்' என்று எழுதியிருந்தார். குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் 'பாடத்தைப் படிக்கவும்' என்று எழுதி, இரக்கப்பட்டு 1 மதிப்பெண் போட்டேன்.

மறுநாள் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரையின் அச்சுப் பிரதியோடு துறைக்கு வந்தார். "படித்துவிட்டுத்தான் சார் எழுதினேன்" என்றார். அதற்கு முந்தைய ஆண்டு, 2005இல், ஆன் ரோபிகே, அலெக்சாந்தர் ஹசானின் என்ற இருவர் வெளியிட்டது. தாய்வழியே மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களையும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களையும் ஒப்பிட்டிருந்தார்கள். இமயமலைத் தார் வெள்ளாட்டுக் கிளையில் உட்கார்ந்தது. அரேபியத் தார் வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆட்டோடு போய்ச் சேர்ந்தது. வரையாடு செம்மறியின் பக்கத்தில் நின்றது. மூன்றும் மூன்று வீட்டுப் பிள்ளைகள்! வரையாட்டுக்கு நீலகிரிட்ராகஸ் என்றும் அரேபியத் தாருக்கு அரபிட்ராகஸ் என்றும் புதுப் பேரினப் பெயர்களே வைத்துவிட்டார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டுரையை விட என்னை உறுத்தியது வேறொன்று. இமயமலைத் தாரின் மடியில் நான்கு காம்பு, வரையாட்டுக்கு இரண்டுதான். 19ஆம் நூற்றாண்டு விலங்கியலாளர்களே எழுதி வைத்த செய்தி அது. நானே ஆண்டு தவறாமல் வகுப்பில் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

உடனே சண்டைக்கு வராதீர்கள். வெள்ளாட்டுக்கும் காம்பு இரண்டு, செம்மறிக்கும் இரண்டு. அதை வைத்துச் செம்மறி உறவை நிறுவ முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் 'இவை உண்மையிலேயே ஒரே பேரினமா' என்ற சந்தேகமாவது எனக்கு வந்திருக்க வேண்டும். கொம்பு கண்ணை மறைத்துவிட்டது. குட்டைக் கொம்பு பழைய மூதாதையிடமிருந்து மிஞ்சியதாக இருக்கலாம். செங்குத்துப் பாறையில் வாழும் வாழ்க்கை தனித்தனியே வடித்ததாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் நெருங்கிய உறவுக்கு அது சாட்சியாகாது. உருவம் பொய் சொல்லவில்லை. எந்த உறுப்பை நம்புவது என்பதில் நான்தான் ஏமாந்தேன்.

மரபணு மட்டும் ஒரே குரலில் பேசுகிறதா என்ன? அதே இருவர் 2006இல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். வெள்ளாட்டுக் கிளைக்குள்ளேயே மைட்டோகாண்ட்ரியா ஓர் உறவைச் சொல்கிறது, உட்கரு மரபணு வேறொன்றைச் சொல்கிறது. முன்னொரு காலத்தில் கலப்பு நடந்திருக்க வேண்டும் என்றார்கள். திமிங்கலக் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது நீர்யானைக்கு உறவு என்று 1990களில் மரபணுக்காரர்கள் சொன்னபோது எலும்புக்காரர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. 2001இல் பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கலங்களின் கணுக்கால் எலும்பு, நீர்யானை உள்ளிட்ட இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கே உரிய இரட்டைக் கப்பி வடிவத்தில் இருந்தது. அத்தனை பழைய புதைபடிவத்தில் டிஎன்ஏ மிஞ்சாது. எலும்புதான் வந்து சாட்சி சொன்னது.

'அப்படியானால் வரையாடு என்ற பெயரையே மாற்ற வேண்டுமா' என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். வேண்டாம். தமிழில் வெள்ளாடும் ஆடு, செம்மறியும் ஆடு. வரையாட்டை ஐபெக்ஸ், அதாவது காட்டு வெள்ளாடு, என்று அழைத்த வெள்ளைக்காரத் துரைகள்தான் திருத்திக்கொள்ள வேண்டியவர்கள்.

மாணவிக்கு 5 மதிப்பெண்ணும் போட்டேன், எல்லார் முன்னாலும் மன்னிப்பும் கேட்டேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டே எங்கள் அருங்காட்சியக அறை கணினிக்கூடம் ஆனது. கணினிக்குக் குளிர்சாதனம், மண்டையோடுகளுக்குத் தாழ்வாரம். பெயர்ச்சீட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. போன மாதம் அங்கிருந்து ஓர் இளம் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, கொம்பில்லாத இரண்டு மண்டையோடுகளில் எது வெள்ளாடு, எது செம்மறி என்று கேட்டார். கண்குழிக்கு முன்னால் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்பட்டால் செம்மறி என்றேன்.