பிடித்த பிரேக் விடவில்லையா? முன்சக்கரக் கேள்விகளுக்குப் பதில்கள்

அண்ணாச்சி, களக்காட்டிலிருந்து வாழைக்காய் ஏற்றி நயினார்குளம் சந்தைக்கு ஓட்டுகிறேன். பழைய பிக்கப். போய் இறங்கினால் இடது முன்சக்கரம் மட்டும் கொதிக்கிறது. வழியெல்லாம் வண்டி இடப்பக்கமே இழுக்கிறது. காலிப்பரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டனைத் தள்ளி, பேட் என்னும் உரசு கட்டைகளால் சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்வுவதுதான் காலிப்பர். அதைச் சோதிக்க ஒரு ஸ்பேனர் போதும்.

சக்கரம் பிடித்திருக்கும் நிலையிலேயே வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை நீட்டாதீர்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றாது. இப்போது காலிப்பரில் உள்ள ஏர் எடுக்கும் நிப்பிளை (ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றும் சிறு திருகு) சற்றே தளர்த்துங்கள். சூடான ஆயில் பீய்ச்சும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். ஆயில் பீய்ச்சியதும் சக்கரம் விட்டுவிட்டால், உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது என்று பொருள். காலிப்பர் மேல் பெரும்பாலும் குற்றமில்லை. ஒரு பக்கம் மட்டும் இப்படி ஆகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸை.

பழைய ஹோஸ் வெளியே பார்க்கப் புதிது போல இருக்கும். உள்ளே ரப்பர் ஊதி வழி அடைந்திருக்கும். காலால் மிதிக்கும் வேகத்தில் ஆயில் எப்படியும் காலிப்பருக்குப் போய்விடும். திரும்பி வருவதுதான் பாடு. காலிப்பருக்குள் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர விளிம்பு ரப்பர் வளையம், மிதிக்கும்போது கொஞ்சம் வளைந்து, காலை எடுத்ததும் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. அந்தச் சின்ன நிமிர்வோடுதான் பிஸ்டனும் பின்னுக்கு வருகிறது. அத்தனை மெல்லிய பலம் அடைபட்ட ஹோஸை எங்கே வெல்லப் போகிறது?

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்களோ இறுகியிருக்கின்றன. அப்போது கழற்றத்தான் வேண்டும். கழற்றிய காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். எது பழுதாக இருந்தாலும், ஒருமுறை கொதித்த சக்கரத்தின் பேரிங் கிரீஸையும் பார்த்துவிடுங்கள்.

உவரியிலிருந்து மீன் ஏற்றும் வண்டி. பின்கள் இறுகி, வீல் பேரிங் கிரீஸ் பூசினேன். மறுபடியும் இறுகிவிட்டது. ஏன்?

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. வீல் பேரிங் கிரீஸ் பெட்ரோலிய எண்ணெயில் செய்தது. பின்னின் ரப்பர் உறை அதில் ஊறிப் பருத்து, பின்னையே கவ்விப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மட்டும் மெல்லப் பூசுங்கள். அதற்கு முன் துளைக்குள் இருக்கும் துருவையும் பழைய கிரீஸையும் முழுவதும் எடுத்துவிட வேண்டும். கிழிந்த உறையை மீண்டும் போடாதீர்கள். சில காலிப்பர்களில் மேல் பின்னும் கீழ் பின்னும் ஒன்றல்ல. எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள்.

பேட்களின் காதுகள் (முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள்) உட்காரும் இடத்தில் படிந்த துருவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். ஐஸ் உருகி ஒழுகும் உப்புத்தண்ணீரும் கடல்காற்றும் சேர்ந்தால் எந்த இரும்பு தாங்கும்? சுமை இறக்கியதும், சக்கரம் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

பிஸ்டனில் துருப்புள்ளிகள் தெரிகின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டலாமா? (அம்பாசமுத்திரம்)

மாட்டாதீர்கள். ரப்பர் வளையம் உரசிக்கொண்டு நிற்பது பிஸ்டனின் பளபளப்பான மேற்பரப்பில். அங்கே குழி விழுந்தால் ஆயில் கசியும். தேய்த்தால் பூச்சு போய் இன்னும் சீக்கிரம் துருவேறும். புதிய பிஸ்டன், புதிய ரப்பர் கிட் வாங்குங்கள். சிலிண்டர் சுவரில் லேசான கறை இருந்தால் கவலை இல்லை. வளையம் உட்காரும் பள்ளத்தில் துரு இருந்தால்தான் வினை: அது வளையத்தைப் பிதுக்கி, பிஸ்டனை இறுக்கிவிடும். பல பேர் கிட் மாற்றிய பிறகும் பிரேக் பிடிக்கிறது என்று வருவது இந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்யாததால்தான். கழுவ டீசல், பெட்ரோல் வேண்டாம். பிரேக் ஆயிலே போதும்.

பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்று அடிப்பதானால் முன்னால் மரக்கட்டை வைத்து, குறைந்த காற்றாக விடுங்கள். நான் வேலை பழகிய பட்டறையில் ஒருநாள் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு போல வந்து கட்டையில் பதிந்தது. கட்டை இருந்த இடத்தில் என் விரல் இருந்திருக்கும்.

இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கின்றன. (நாங்குநேரி)

இரண்டு காலிப்பரும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். பெடலை விரலால் தொட்டுப் பாருங்கள், தொடக்கத்தில் கொஞ்சம் வெற்று அசைவு இருக்க வேண்டும். இல்லை என்றால் பெடலோடு சேர்ந்த தள்ளுகம்பி, ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஆயில் தொட்டிக்குத் திரும்ப வழியில்லை. அசைவு சரியாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

காரையாரிலிருந்து பாபநாசத்துக்கு இறங்கும்போது பெடல் பஞ்சு போல அமுங்குகிறது. கீழே வந்து ஆறினால் சரியாகிவிடுகிறது.

உடனே கவனியுங்கள். ஆயில் கொதிக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். புதிய டாட் 3 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 140 அளவுக்கு இறங்கிவிடலாம். கொதித்து உண்டாகும் ஆவி அமுங்கும், அதுதான் அந்தப் பஞ்சு. உரசிக்கொண்டிருக்கும் பேட் ஏதாவது இருந்தால் சூடு இன்னும் கூடும், அதையும் தேடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றி ஏர் எடுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் வாருங்கள், நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பேட் ஒரு பக்கம்தான் தேய்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா? (திசையன்விளை)

போதாது, இரண்டு பக்கமும் மாற்றுங்கள். அதைவிட முக்கியம், ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்று பார்ப்பது. களக்காட்டுக்காரருக்குச் சொன்ன நிப்பிள் சோதனையை நீங்களும் செய்துவிட்டுப் புதிய பேட் வாங்கக் கடைக்குப் போங்கள்.