மலையில் கேட்கும், சேலத்தில் கேட்காது

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் குடியிருக்கிறேன். பத்து வருடப் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜினில் 'டிக் டிக்' என்று சத்தம். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. சேலத்தில் காட்டினால் ஒன்றுமில்லை என்கிறார் மெக்கானிக். என்ஜினை இறக்கியாக வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று சென்ற சர்வீஸில் 20டபிள்யூ-50 ஊற்றினார்கள். யாரை நம்புவது?

— ஏற்காடு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மெக்கானிக் பொய் சொல்லவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, கோரிமேட்டைத் தாண்டி அவர் பட்டறைக்கு நீங்கள் போய்ச் சேரும்போது என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கும். கேட்க வேண்டிய சத்தத்தை ஏற்காட்டிலேயே விட்டுவிட்டு வண்டியை மட்டும் கொண்டுபோய்க் காட்டுகிறீர்கள். இரவு அங்கேயே நிறுத்திவிட்டு வந்தாலும் பாதிப் பலன்தான். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிருக்குச் சேலத்தில் எங்கே போவது?

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது நிற்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் அடித்தொட்டிக்கு இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அதை மேலே, வால்வுகளை அசைக்கும் டேப்பெட் வரை ஏற்ற வேண்டும். ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள என்ஜினில், ஆயில் நிரம்பினால்தான் அதன் இடைவெளி அடைபடும். அதுவரை 'டிக் டிக்' கேட்கும். சில விநாடி என்றால் கவலையே வேண்டாம். இரண்டு நிமிடம் அதிகம். எனக்குச் சந்தேகம் அந்தக் கெட்டி ஆயில் மீதுதான். ஆயில் டப்பாவில் முதலில் இருக்கும் எண் குறையக் குறைய, குளிரில் அது விரைவாக ஓடும். உங்கள் காரின் கையேட்டில் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் அதையே ஊற்றச் சொல்லுங்கள். வயதான வண்டிக்குக் கெட்டி ஆயில் என்பது நம் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. என்ஜினைக் கேட்டு யாரும் சொன்னதில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. புகை வெளியேறும் குழாயான மேனிஃபோல்டு, என்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் (இடுக்கை அடைக்கும் தகடு) பழுதாகிக் கசிந்தாலும் இதே போலத்தான் கேட்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடுக்கு அடைபட்டு, சத்தமும் நின்றுவிடும். டார்ச் அடித்து அந்த மூட்டைப் பாருங்கள்: கசிவு இருந்தால் ஓரத்தில் கரி படிந்திருக்கும். அப்படி ஒன்றும் தெரியாவிட்டால் நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை வால்வு மூடியில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேளுங்கள். டேப்பெட் என்றால் அங்கே கணீரென்று கேட்கும். கழுத்து மஃப்ளரை முதலில் கழற்றி வையுங்கள், பெல்ட்டுக்குப் பக்கத்தில் குனிகிறீர்கள். ('கீச்' என்று கத்தினால் அது பனியில் நனைந்த பெல்ட், அதன் இறுக்கத்தைப் பார்த்தால் போதும்.)

பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுவது பேரிங் தேய்மானத்துக்கு. அதன் சத்தம் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று வரும். என்ஜின் சூடாகி ஆயில் இளகியதும் கூடும். அடிவாரத்திலிருந்து ஏறும்போது இன்னும் கூடும். உங்களுடையது சூடானதும் அடங்குகிறது. என்ஜினை இறக்க வேண்டாம்.

குளிர்ந்த என்ஜினை உறுமவிடாதீர்கள். மலையிறங்கும்போது இரண்டாம் கியரில் என்ஜின் வேகமாகச் சுற்றத்தான் செய்யும்; ஆகவே ஒரு நிமிடம் ஓடவிட்டுப் புறப்படுங்கள். ஆயில் மாற்றியும் சத்தம் நீடித்தால், விடிகாலை முதல் ஸ்டார்ட்டை, பானட்டைத் திறந்து வைத்துச் செல்பேசியில் பதிவு செய்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு சில விநாடியில் அணையாவிட்டால் மட்டும் உடனே என்ஜினை நிறுத்திவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.